தாம்பரம் மின்வண்டியும் மின்கிதாரும்

சில மாதங்களுக்கு முன் நண்பர்கள் கூடிப் பேசிக்கொண்டிருந்தபோது பேச்சு எப்படியோ இசைக்குத் திரும்பியது. நம் குழுவில் கர்நாடக இசை பற்றி எழுதுபவர்கள் இருக்கிறார்கள், திரையிசை பற்றி எழுதுபவர்கள் இருக்கிறார்கள். நான் ராக் இசை பற்றி எழுதலாமா என்று கேட்டேன். நண்பர் ஒருவர் சிரித்தபடி, "எழுதலாம். ஆனால் அதற்கு இங்கே என்ன வரலாறு இருக்கிறது? ஆங்கிலம் பேசும் கல்லூரிப் பிள்ளைகள் வருடத்தில் மூன்று நாள் தலையை ஆட்டுகிறார்கள், அவ்வளவுதானே" என்றார்.

அவர் சொன்னதில் பாதி உண்மை இருந்தது. அதனால் அன்று பதில் சொல்லவில்லை. மீதிப் பாதியைத் தேடியபோது எனக்குக் கிடைத்தவற்றை இங்கே தொகுத்துக்கொள்கிறேன். இசை விமர்சகனின் கட்டுரையாக இதைக் கொள்ளவேண்டாம். தாம்பரத்தில் வளர்ந்து, தமிழ் வழியில் படித்து, இருபதுகளின் நடுவில் ஒரு ஸ்வீடன் நாட்டுக் கிதார் கலைஞனின் தீவிர ரசிகனாக ஆன ஒருவனின் குறிப்புகள் இவை. அந்தக் கலைஞன் 2009-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், என் வீட்டிலிருந்து ஒரு மின்வண்டிப் பயணத் தொலைவில் வந்து வாசித்தான். அன்று என்னுடன் வந்தவரைப் பற்றியும் சொல்லவேண்டும். சொல்லப்போனால் அவருக்காகத்தான் எழுதுகிறேன்.

*

வரலாற்றை ஓர் ஆண்டிலிருந்து தொடங்கலாம். 1931.

அந்த ஆண்டில்தான் சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரையிலான சுமார் 29 கிலோமீட்டர் மீட்டர்கேஜ் பாதையில் மின்சார ரயில் ஓடத்தொடங்கியது. இந்தியாவில் பம்பாய்க்கு 1925-லேயே மின்சார ரயில் வந்துவிட்டது. தென்னகத்தில் நமக்குத்தான் முதலில் கிடைத்தது. சைதாப்பேட்டை, பரங்கிமலை, பல்லாவரம் எல்லாம் அன்று ஊர்கள். ஏரிகளும் வயல்களும் நடுவே கிடந்தன. இன்று நாம் தென்சென்னைப் புறநகர் என்று சொல்லும் நிலப்பரப்பை உருவாக்கியது அந்த மின்கம்பிதான் என்று சொல்லலாம். சென்னைக் கிறித்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனின் நெரிசலைவிட்டுத் தாம்பரத்தின் காட்டுக்குள் 1937-ல் குடிபெயர்ந்ததையும் அந்தக் கம்பி இல்லாமல் எண்ணிப்பார்க்க முடியவில்லை.

அதே 1931-ல், உலகத்தின் மறுகோடியில், லாஸ் ஏஞ்சலீஸ் நகரில் ஜார்ஜ் போஷாம் என்ற கிதார் வாசிப்பவர் ஒரு மரத்துண்டில் காந்தத்தையும் கம்பிச்சுருளையும் பொருத்தி ஒரு கருவியைச் செய்துபார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய சிக்கல் எளிமையானது. அன்றைய நடன அரங்குகளில் பித்தளைக் குழல்களும் முரசுகளும் முழங்கும் நடுவே கிதாரின் ஒலி யாருக்கும் கேட்கவில்லை. அடால்ஃப் ரிக்கன்பேக்கருடன் சேர்ந்து அவர் அந்தக் கருவியை அலுமினியத்தில் வார்த்து 1932-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். வட்டமான உடலும் நீண்ட கழுத்துமாக இருந்ததால் அதற்கு 'வாணலி' என்று பட்டப்பெயர் வந்தது. பெரும் எண்ணிக்கையில் விற்பனைக்கு வந்த முதல் மின்கிதார் அதுவே.

இரண்டும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தது தற்செயல்தான். ஆனால் இரண்டுக்கும் ஒரே பாட்டன். மைக்கேல் ஃபாரடே மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்தது 1831-ல், சரியாக நூறாண்டுகளுக்கு முன். காந்தப்புலம் மாறினால் அருகிலுள்ள கம்பிச்சுருளில் மின்சாரம் பிறக்கும் என்பதே அவர் கண்டது. கிதாரின் எஃகுக் கம்பி அதிரும்போது அதன் கீழேயுள்ள காந்தத்தின் புலம் அதே வேகத்தில் அசைகிறது. காந்தத்தைச் சுற்றிய ஆயிரக்கணக்கான சுற்றுகள் கொண்ட மெல்லிய செப்புக்கம்பியில் அந்த அசைவு மின்னோட்டமாகிறது. அதைப் பெருக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்பினால் கிதார் கேட்கிறது. நைலான் கம்பி போட்டால் இந்த வித்தை பலிக்காது.

இதை எனக்கு முதலில் விளக்கியவர் இயற்பியல் ஆசிரியர் அல்லர். தாம்பரம் மின்வண்டிப் பணிமனையில் மின்பணியாளராக இருந்த ஒருவர். எங்கள் தெருவில் குடியிருந்தார். பெயரை எழுதினால் அவருக்குப் பிடிக்காது. அண்ணன் என்றே எழுதுகிறேன். நாங்கள் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டோம்.

"மோட்டார்ல கரண்ட் விட்டா சுத்தும் தம்பி. இதுல கம்பி ஆடினா கரண்ட் வரும். ரயிலும் கிதாரும் ஒண்ணுதான், ஒண்ணு போகுது, ஒண்ணு வருது" என்றார். 1989-ல், எனக்குப் பதினைந்து வயது.

*

அண்ணன் பகலில் பணிமனையிலும் இரவில் மெல்லிசைக் குழுவிலும் வேலை செய்தார். 1976-ல் 'அன்னக்கிளி' வந்தபோது அவருக்கு இருபது வயது. இளையராஜா தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை பயின்றவர், கிதார் கலைஞராகத் திரையிசைக்குள் இருந்தவர் என்பதெல்லாம் நாம் அறிந்ததே. ஆனால் அதன் விளைவு புறநகர்த் தெருக்களில் என்னவாக இருந்தது என்பதை நாம் அதிகம் எழுதியதில்லை. ஒரு தலைமுறை இளைஞர்கள் திடீரென்று கிதாரைத் தேடத்தொடங்கினார்கள். கல்கத்தாவில் செய்யப்பட்ட கிவ்சன் கிதார் அவர்களுடைய கைக்கு எட்டும் விலையில் இருந்தது. அண்ணனிடமிருந்ததும் அதுதான். அதன் மேல் அவரே காந்தத்தை வாங்கி, அவரே சுருள் சுற்றி, ஒரு பிக்கப்பைப் பொருத்தியிருந்தார்.

1982-ல் 'பயணங்கள் முடிவதில்லை' வந்தது. அதில் ஆர். சந்திரசேகர் வாசித்த 'இளைய நிலா' பாடலின் கிதார் பகுதி மெல்லிசைக் குழுக் கலைஞர்களுக்கு ஒரு தேர்வுத்தாள் ஆயிற்று. ஆடி மாத அம்மன் கோயில் திருவிழாக்களில், கூழ் ஊற்றி முடிந்தபின் இரவு பத்து மணிக்குத் தொடங்கும் கச்சேரியில், கூட்டம் அந்தப் பாடலைக் கேட்கும். ஒரு சுரம் பிசகினாலும் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் மூதாட்டிக்குக்கூடத் தெரிந்துவிடும் என்று அண்ணன் சொல்வார். கிதார் இசையைச் சுரம் சுரமாக மனப்பாடம் செய்துகொண்ட ஒரு மக்கள்திரள் அன்றே இங்கே இருந்தது என்பதை நண்பரின் கேள்விக்கான முதல் பதிலாக வைக்கிறேன். கோயில் திடலில் பாய் விரித்து உட்கார்ந்திருந்த அவர்களை ராக் ரசிகர்கள் என்று யாரும் அழைத்ததில்லை. ஆனால் மின்கிதாரின் ஒலிக்குக் காதுகளைத் தயார்செய்தது அந்தத் திடல்தான்.

இன்னொன்றும் அங்கே கற்றேன். கச்சேரி தொடங்குமுன் மைக் 'ஊ' என்று ஊளையிடும். உடனே ஒலிபெருக்கிக்காரர் ஓடிவந்து குமிழைத் திருகி அடக்குவார். ஒலிபெருக்கியிலிருந்து வரும் ஒலி மீண்டும் மைக்குக்குள் புகுந்து, பெருகி, மறுபடி புகுந்து சுழல்வதால் வரும் கோளாறு அது. மின்கிதாரிலும் அதே சுழற்சி நிகழும். ஒலிபெருக்கியின் ஒலியே கம்பியை மீண்டும் அதிரச்செய்யும். நாம் ஓடிப்போய் அணைக்கும் அந்த ஊளையைப் பிடித்து நிறுத்தி, வளைத்து, ஒரு சுரமாக வாசிக்கலாம் என்று காட்டியவர்களுள் தலையானவர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ். 1967-ல் மான்டரே விழாவில் அவர் கிதாரைக் கொளுத்தியதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அதைவிட முக்கியமானது அவர் அந்த ஊளையை இசைக்குள் சேர்த்துக்கொண்டது. அண்ணன் அவருடைய ஒலிநாடாவை ஒரே ஒரு முறை கேட்டுவிட்டு, "இவன் நம்ம சவுண்ட் சர்வீஸ்காரன் பயப்படுறதெல்லாம் வேணும்னே பண்றான்" என்றார். இன்றுவரை ஹென்ட்ரிக்ஸ் பற்றி நான் படித்த விமர்சனங்களில் இதை மிஞ்சியது குறைவு.

*

நண்பர் சொன்ன பாதி உண்மைக்கு வருகிறேன். சென்னையில் ராக் இசைக்கு மேடை கொடுத்தவை பெரும்பாலும் கல்லூரிகளே. மேற்கு ஜெர்மனியின் உதவியுடன் 1959-ல் கிண்டிக் காட்டின் ஒரு பகுதியில் நிறுவப்பட்டது சென்னை ஐஐடி. ஏறத்தாழ 250 ஹெக்டேர் பரப்பு. புள்ளிமான்களும் வெளிமான்களும் விடுதிகளுக்கு நடுவே மேயும். உள்ளே ஒரு சாலைக்கு பான் என்ற ஜெர்மன் தலைநகரின் பெயர் இருந்தது. அங்கே 1974-ல் தொடங்கிய மாணவர் கலைவிழாவுக்கு முதலில் மார்டி கிரா என்று பெயர்; 1990-களில் அது சாரங் ஆயிற்று. தாம்பரத்தில் கிறித்தவக் கல்லூரியின் 'டீப் வுட்ஸ்' விழா இருந்தது. இந்த விழாக்களின் ராக் போட்டிகள்தான் இந்நகரத்துக் குழுக்களின் பயிற்சிக்களம்.

அந்தக் களத்தின் எல்லைகள் நாம் நினைப்பதுபோல் மூடியவை அல்ல. ஐஐடியில் கப்பல் கட்டுமானப் பொறியியல் படித்த ஆர். பிரசன்னா கர்நாடக இசையை மின்கிதாரில் வாசிக்கும் கலைஞராக உலகறிந்தார். ஹென்ட்ரிக்ஸுக்குக் காணிக்கையாக 2006-ல் 'எலெக்ட்ரிக் கணேஷா லேண்ட்' என்ற இசைத்தொகுப்பை வெளியிட்டார். ஏ.ஆர். ரஹ்மான் திரைக்கு வருமுன் சிவமணி, ஜான் ஆண்டனி போன்றோருடன் 'ரூட்ஸ்' குழுவில் வாசித்தவர். 'நெமிசிஸ் அவென்யூ' என்ற ராக் குழுவையும் தொடங்கியவர். 1992-ல் 'ரோஜா' வழியாகத் தமிழ்நாடு முழுக்கப் பரவிய ஒலியில் அந்த மேடைகளின் பங்கும் உண்டு.

ஆனாலும் வெளியில் நிற்பவனுக்கு அந்த வாயில் பெரியதாகத்தான் தெரிந்தது. நான் அந்தக் கல்லூரிகளில் படித்தவனல்லன். 'உள்ளே போனால் ஆங்கிலத்தில் ஏதாவது கேட்பார்கள்' என்ற அச்சம் எனக்கு இருந்தது. இதை வெட்கத்துடனேயே எழுதுகிறேன். அந்த அச்சத்திற்கு எந்த நிறுவனமும் பொறுப்பில்லை. என் கூச்சம், என் வயது, நான் வளர்ந்த விதம்.

பெரிய கலைஞர்கள் வந்தபோது அவர்கள் பெங்களூருக்குத்தான் வந்தார்கள். 2002-ல் ரோஜர் வாட்டர்ஸ், 2003-ல் ரோலிங் ஸ்டோன்ஸ், 2005-ல் மார்க் நாப்ளர், 2007-ல் அயர்ன் மெய்டன். ஒவ்வொரு முறையும் சென்னை ரசிகர்கள் கூட்டமாகப் பெங்களூர் ரயிலேறினார்கள். கறுப்புச் சட்டை அணிந்த இளைஞர்கள் ரயில் பெட்டியில் அம்மா கட்டிக்கொடுத்த புளியோதரையைப் பிரித்து உண்ணும் காட்சியை நான் பார்த்திருக்கிறேன். அடுத்த நாள் காலை அலுவலகத்தில் இருக்கவேண்டும் என்பதால் நிகழ்ச்சி முடிந்ததும் இரவோடிரவாகத் திரும்புவார்கள். சென்னை வெறும் பயணிகளின் ஊராகவே இருந்தது.

*

இனி அந்த ஸ்வீடன்காரனைப் பற்றி.

மிக்கேல் ஆகர்ஃபெல்ட். ஸ்டாக்ஹோம் நகரத்தவர். 1974-ல் பிறந்தவர், என் வயது. 'ஓபெத்' என்ற குழு அவருடைய நண்பர் டேவிட் இஸ்பெரி என்பவரால் தொடங்கப்பட்டது. வில்பர் ஸ்மித்தின் நாவல் ஒன்றில் வரும் கற்பனை நகரத்தின் பெயரிலிருந்து அந்தப் பெயரை எடுத்தார்கள். ஆகர்ஃபெல்ட் முதலில் பேஸ் கிதார் வாசிக்க அழைக்கப்பட்டார். குழுவில் இருந்த மற்றவர்களிடம் சொல்லாமலே அவர் அழைக்கப்பட்டதால் அவர்கள் கோபித்துக்கொண்டு விலகிவிட்டார்கள். பிறகு இஸ்பெரியும் விலகினார். எஞ்சியவர் ஆகர்ஃபெல்ட். முதல் தொகுப்பு 1995-ல் வந்தது. 2001-ல் வந்த 'பிளாக்வாட்டர் பார்க்' அவர்களை உலகத்துக்குக் காட்டியது. ஆங்கிலேய இசைக்கலைஞர் ஸ்டீவன் வில்சன் அதன் தயாரிப்பில் உடனிருந்தார்.

எனக்கு அந்தத் தொகுப்பு ஓர் அலுவலக நண்பர் பதிந்துகொடுத்த குறுந்தட்டில் கிடைத்தது. முதல் பாடலே பத்து நிமிடங்களுக்கு மேல். முதலில் எனக்கு அந்தக் குரல் பெரும் தடையாக இருந்தது. அடித்தொண்டையிலிருந்து எழும் உறுமல். குரல்நாண்களுக்கு மேலேயுள்ள மடிப்புகளை அதிரவைத்துப் பிறப்பிக்கும் குரல் அது என்று பிற்பாடு படித்தேன். எனக்கு அது அந்நியமாக இல்லாமல் போனது தெருக்கூத்தால். விடியற்காலையில் துரியோதனன் களத்தில் விழும்போது எழுப்பும் குரலையும், கோயிலில் அருள்வந்து ஆடுபவரின் குரலையும் கேட்டு வளர்ந்தவனுக்கு, மனிதக் குரல் அழகாக மட்டுமே இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

உறுமல் சட்டென்று நின்று, வெறும் கிதாரும் தணிந்த குரலும் மட்டுமாக ஒரு பகுதி வரும். அது மெல்லப் பெருகி மறுபடி இடியாக மாறும். ஒரு பாடலுக்குள் மூன்று நான்கு பருவங்கள். ராகம் தானம் பல்லவிக்கு ஒரு மணிநேரம் பொறுமையாக உட்காரும் நாம், பத்து நிமிடப் பாடல் நீளம் என்று சொன்னால் அது வேடிக்கை.

அண்ணனுக்கு நான் கொடுத்தது 2003-ல் வந்த 'டேம்னேஷன்'. அந்தத் தொகுப்பில் உறுமல் கிடையாது. முழுவதும் அமைதியான பாடல்கள். அப்போது அவர் வாசிப்பதை ஏறக்குறைய நிறுத்தியிருந்தார். 1990-களின் நடுவில் கீபோர்டுகள் மலிவாகி, ஒருவரே தாளத்தையும் பேஸையும் கிதாரையும் பொத்தான்களில் வைத்துக்கொள்ளத் தொடங்கியபின், பன்னிரண்டு பேர் இருந்த மெல்லிசைக் குழுக்கள் நான்கு பேராகச் சுருங்கின. கழிந்தவர்களில் கிதார்காரர்களும் உண்டு. அதோடு அவர் காதுகளில் இரைச்சல் தொடங்கியிருந்தது. இருபது ஆண்டுகள் ஒலிபெருக்கிப் பெட்டிக்கு அருகிலேயே நின்றதன் கூலி. மருத்துவர் இனி பெரிய ஒலி கூடாது என்று சொல்லியிருந்தார்.

ஒரு வாரம் கழித்துத் தட்டைத் திருப்பிக்கொடுத்தபோது, "இவன் சத்தமா வாசிச்சது ஏதும் இருக்கா?" என்று கேட்டார். 'பிளாக்வாட்டர் பார்க்'கைக் கொடுத்தேன். அதைத் திருப்பித் தரவே இல்லை.

*

2009 சாரங் விழாவில் ஓபெத் வாசிக்கப்போகிறார்கள் என்ற செய்தியை முதலில் நான் நம்பவில்லை. இந்தியாவில் அவர்களுடைய முதல் நிகழ்ச்சி. பம்பாயும் இல்லை, பெங்களூரும் இல்லை, கிண்டி. பயணிகளின் ஊருக்கு ஒருநாள் வண்டி தானே வந்து நின்றது. அண்ணனிடம் சொன்னபோது, "நானும் வரேன்" என்றார். மருத்துவர் சொன்னதை நினைவூட்டினேன். "பஞ்சு வெச்சுக்கறேன்" என்றார். அண்ணி என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் மறுத்திருக்கவேண்டும். மறுக்கவில்லை. தனியாகப் போக எனக்கு இன்னும் அந்தப் பழைய கூச்சம் இருந்தது என்பதுதான் காரணம். அன்று அதை எனக்கே ஒத்துக்கொள்ளவில்லை.

மாலை தாம்பரத்திலிருந்து மின்வண்டி ஏறினோம். மீட்டர்கேஜ் வண்டிகள் 2004-லேயே நின்றுபோயிருந்தன. அண்ணனுக்கு அகலப்பாதை வண்டியில் ஏறும்போதெல்லாம் ஒரு சின்ன முகச்சுளிப்பு உண்டு. கிண்டியில் இறங்கி, சர்தார் படேல் சாலையில் பேருந்து பிடித்து, வாயிலுக்குள் நுழைந்தோம். யாரும் எங்களை ஆங்கிலத்தில் எதுவும் கேட்கவில்லை. மரங்களடர்ந்த நீண்ட சாலையில் நடந்தோம். யானைச் சிலைகள் நிற்கும் கஜேந்திரா வட்டத்தைக் கடக்கும்போது அண்ணன், "இத்தன வருஷமா கிண்டில எறங்கியிருக்கேன், உள்ள இப்டி ஒரு காடு இருக்குன்னு தெரியாது" என்றார்.

திறந்தவெளி அரங்கம் படிப்படியாக இறங்கும் பிறைவடிவம். ஆயிரக்கணக்கானோர் அமரலாம். கறுப்புச் சட்டைகளின் நடுவே வெள்ளை அரைக்கைச் சட்டையும் காதில் பஞ்சுமாக ஐம்பத்திரண்டு வயதுக்காரர் ஒருவர். பக்கத்தில் நின்ற இளைஞன் ஒருவன் அவருக்கு இடம்விட்டு, "உக்காருங்க அங்கிள்" என்றான். அவனும் தாம்பரத்துக்காரன் என்று பிறகு தெரிந்தது.

அவர்கள் அப்போது 2008-ல் வந்த 'வாட்டர்ஷெட்' தொகுப்பின் உலகப் பயணத்தில் இருந்தார்கள். ஆகர்ஃபெல்டுடன் இரண்டாவது கிதாருக்கு ஃபிரெட்ரிக் ஆகெசன், பேஸுக்கு உருகுவேயில் பிறந்த மார்ட்டின் மெண்டெஸ், முரசுக்கு மார்ட்டின் ஆக்சன்ராட், கீபோர்டுக்குப் பெர் வீபெரி. முதல் அடி விழுந்ததும் எனக்குக் கேட்கவில்லை, நெஞ்செலும்பில் உணர்ந்தேன். எட்டு ஆண்டுகளாக என் தலைக்குள் மட்டுமே இருந்த ஓர் ஒலி வெளியே வந்து என்னைச் சுற்றி நின்றது. என்னைச் சுற்றியிருந்த ஆயிரம் வாய்கள் அந்தப் பாடலின் சொற்களைச் சொல்லிக்கொண்டிருந்தன. நான் தனியாகக் கேட்டதாக நினைத்த அத்தனை இரவுகளிலும் இவர்களெல்லாம் எங்கெங்கோ தம் அறைகளில் அதையே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். ரசிகன் என்ற சொல்லின் பொருள் எனக்கு அப்போதுதான் விளங்கியது என்று நினைக்கிறேன்.

பாடல்களுக்கு நடுவே ஆகர்ஃபெல்ட் தணிந்த குரலில் கேலியாக ஏதாவது சொல்வார். கூட்டம் சிரிக்கும். பாதி எனக்குப் புரியவில்லை, அதுவும் உறுத்தவில்லை. அண்ணன் அவருடைய முகத்தைப் பார்க்கவே இல்லை. முழு நேரமும் இடக்கை விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய இடக்கையும் தொடைமேல் அசைந்துகொண்டிருந்தது.

திரும்பும்போது கிண்டியில் கடைசி வண்டிகளில் ஒன்று கிடைத்தது. பெட்டியில் ஆளில்லை. பரங்கிமலை தாண்டியதும் அண்ணன் பஞ்சை எடுத்துவிட்டுச் சொன்னார்:

"தம்பி, அவன் அந்தப் பெரிய சத்தத்துல ரெண்டு சுரந்தான் அடிக்கிறான். கவனிச்சியா? ஸவும் பவும். நம்ம தம்பூரா."

நான் கவனித்திருக்கவில்லை. ஆனால் அது உண்மை. கிதாரின் ஒலியை அளவுக்கு மீறிப் பெருக்கும்போது அலையின் முகடுகள் வெட்டுப்பட்டு, அதிலிருந்து புதிய மேலொலிகள் நிறையப் பிறக்கின்றன. அந்த நிலையில் காந்தாரத்தையும் சேர்த்து முழுச் சுரக்கூட்டாக வாசித்தால் மேலொலிகள் ஒன்றோடொன்று மோதிக் குழம்பிவிடும். ஷட்ஜமும் பஞ்சமமும் மட்டும் தெளிவாக நிற்கும். அதனால்தான் வன்மையான ராக் இசை முழுக்க அந்த இரண்டு சுரக் கூட்டின்மேல் எழுப்பப்பட்டிருக்கிறது. ஆங்கிலத்தில் 'பவர் கார்ட்' என்பார்கள். தம்பூரா எதை மென்மையாக எப்போதும் நினைவூட்டிக்கொண்டிருக்கிறதோ அதையேதான் இவர்கள் இடிபோல முழக்குகிறார்கள். இசைக்கோட்பாட்டு நூல்களில் நான் இதைப் பிற்பாடு படித்தேன். பணிமனையில் சுருள் சுற்றிய மனிதர் முதல்நாளே காதால் கண்டுபிடித்துவிட்டார், காதில் பஞ்சோடு.

குரோம்பேட்டையில் வண்டி நின்றபோது இன்னொன்று சொன்னார். "இந்தக் காது எப்பவும் ஊன்னு கத்திக்கிட்டே இருக்கும். தூக்கத்துலயும். இன்னிக்கு ரெண்டு மணி நேரம் அது கேக்கல."

*

அந்தச் சொற்களை நான் நெடுநாள் ஒரு நற்சான்றிதழ்போல வைத்திருந்தேன். பிறகுதான் அதன் மறுபக்கத்தைப் படித்தேன். காதிரைச்சல் உள்ளவர்களுக்கு வெளியொலி பெரிதாகும்போது உள்ளிரைச்சல் மறைவது இயல்பு. விலை பிறகு வரும். 85 டெசிபல் ஒலியை எட்டு மணிநேரம் தாங்கலாம் என்று கொண்டால், ஒவ்வொரு மூன்று டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலில் அது வெறும் கால் மணிநேரம். பஞ்சு பெரிதாக எதையும் தடுப்பதில்லை. நுரையாலான காதடைப்புகள் மருந்துக்கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும். எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அந்த இரவுக்குப்பின் அவருடைய இரைச்சல் கூடியது. வலக்காது மெல்ல மங்கியது. அவர் ஒருமுறைகூட என்னைக் குறைசொல்லவில்லை. அண்ணியும் சொல்லவில்லை, ஆனால் அதன்பின் என்னிடம் பேசும்போது சொற்களை அளந்தே பேசினார்.

அதைச் செய்திருக்கக்கூடாது என்றே இன்றும் நினைக்கிறேன். அந்த இரவு இல்லாமல் அவருடைய கணக்கு முடிந்திருக்கக்கூடாது என்றும் நினைக்கிறேன். இரண்டும் என்னிடம் ஒன்றாகத்தான் இருக்கின்றன.

2011-ல் ஆகர்ஃபெல்ட் தம் தொகுப்பில் உறுமலை முற்றிலும் விட்டுவிட்டார். ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்து சண்டையிட்டார்கள். அண்ணன், "அவனுக்கும் வயசாகுதுல்ல" என்று முடித்துக்கொண்டார். 2021-ன் தொற்றுக்காலத்தில் அண்ணன் மறைந்தார். அந்த ஆண்டுதான் தாம்பரம் மாநகராட்சி ஆயிற்று. 2024-ல் வந்த ஓபெத் தொகுப்பில் உறுமல் திரும்பிவந்தபோது அதைச் சொல்வதற்கு எனக்கு ஆளில்லை.

நண்பரின் கேள்விக்குத் திரும்புகிறேன். வரலாறு என்பது மேடையில் நின்றவர்களின் பட்டியல் என்றால், ராக் இசைக்கு இங்கே ஒன்றிரண்டு பக்கங்களே உண்டு; அவற்றில் பெரும்பாலானவை கல்லூரி வளாகங்களுக்குள் நிகழ்ந்தவை. கேட்டவர்களின் வரலாற்றையும் சேர்த்தால் கோயில் திடலும் மின்வண்டிப் பணிமனையும் பதிந்துகொடுத்த குறுந்தட்டும் பெங்களூர் ரயிலின் புளியோதரையும் அதில் வந்துவிடுகின்றன. அந்த வரலாறு எழுதப்படாததற்குக் காரணம், அதில் இருந்தவர்கள் தம்மை அதன் பகுதியாக எண்ணியதே இல்லை என்பதுதான். பிறர் இசையை முப்பதாண்டுகள் பிசகாமல் வாசித்த ஒரு மனிதர் தம்மை இசைக்கலைஞர் என்று சொல்லி நான் கேட்டதில்லை. "கச்சேரிக்குப் போவேன்" என்று மட்டும் சொல்வார்.

அந்தக் கிவ்சன் கிதாரை அண்ணி என்னிடம் கொடுத்துவிட்டார். அவர் சுற்றிய பிக்கப் இன்னும் வேலை செய்கிறது. ஒற்றைச் சுருள் என்பதால் மின்னிணைப்பின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலையும் சேர்த்தே எடுக்கும். ஒலிபெருக்கியில் செருகியதும், எந்தக் கம்பியையும் தொடுவதற்கு முன்பே, 'ஊ' என்று ஒரு மெல்லிய ஓசை எழும். நான் அதை அணைப்பதில்லை. சற்று நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அதற்கு ஏற்ப ஸவையும் பவையும் சேர்த்துக்கொள்வேன்.